நிமையர் வரைந்த முழுநாள் பள்ளிகள்



போர்ட் பிளேயரில் கட்டடக் கலையைப் பற்றிப் பேசுவோர் செல்லுலார் சிறையைத் தவிர்த்துவிட இயலாது. 1896இல் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்ட அச்சிறையின் ஏறத்தாழ 700 கொட்டடிகள், ஒருவர் முகத்தை மற்றவர் காணாதபடி அமைக்கப்பட்டன. அதற்குள்ளேயே 1930களில் அரசியல் கைதிகள் படிப்பு வட்டங்களை நடத்தினர் என்பது தனி வரலாறு.

ஒரே அளவிலான உறுப்புகளை அடுக்கிக் கட்டும் முறையை நேரெதிர் நோக்கத்துக்குப் பயன்படுத்தியது பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ. அங்கே ஏழைக் குழந்தைகளின் பள்ளிகள் ஷிப்டு முறையில் இயங்கின. நாளொன்றுக்குச் சில மணி நேரமே கல்வி. 1983இல் ஆளுநரான லியோனல் பிரிசோலாவும் துணை ஆளுநர் டார்சி ரிபெய்ரோவும் முழுநாள் பள்ளிகளைத் திட்டமிட்டனர். (அங்கு ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், டெல்லி அனுப்பிவைக்கும் துணைநிலை ஆளுநரைப் போன்றவர் அல்லர்.)

வரைபடம் தந்தவர், 1945இல் பிரேசில் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்த ஆஸ்கார் நிமையர். முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் உறுப்புகள் களத்தில் பொருத்தப்பட்டன. வகுப்பறைகள், உணவுக்கூடம், மருத்துவ அறை ஆகியவற்றைக் கொண்ட மூன்று தள முதன்மைக் கட்டடம், கூரையிட்ட விளையாட்டரங்கம், தனியே ஒரு நூலகம். நூலகத்தின் மேல்தளத்தில், வீட்டில் ஆதரவற்ற பிள்ளைகள் தங்குவதற்கான அறைகள். குழந்தைகள் அங்கேயே உண்டனர், குளித்தனர், விளையாடினர். முதற்பள்ளி 1985இல் திறக்கப்பட்டது. பிரிசோலாவின் இரு ஆட்சிக் காலங்களில் ஏறத்தாழ 500 பள்ளிகள் எழுந்தன. அதற்கு முன்பே, 1984இல் எழுந்த சாம்பா அணிவகுப்புத் திடலின் பார்வையாளர் படிக்கட்டுகளுக்குக் கீழும் வகுப்பறைகளை அமைத்தவர் நிமையர். திருவிழா சில நாட்கள். பள்ளியோ ஆண்டு முழுவதும்!

குறையும் இருந்தது. காற்றோட்டத்துக்காக வகுப்பறைச் சுவர்கள் கூரையைத் தொடாமல் விடப்பட்டன. ஒரு வகுப்பின் இரைச்சல் அடுத்த வகுப்பில் கேட்கிறது என ஆசிரியர்கள் முறையிட்டனர். வரைந்தவர் மாமேதை என்பதற்காக இதை மூடிமறைக்க வேண்டியதில்லை.

பெரிய அடி வேறிடத்திலிருந்து விழுந்தது. 1987இல் ஆட்சி மாறியதும் புதிய அரசு முழுநாள் திட்டத்தைக் கைவிட்டது. கான்கிரீட்டை எவராலும் அகற்ற முடியவில்லை. ஆனால் பல பள்ளிகள் மீண்டும் ஷிப்டு முறைக்குத் திரும்பின. நூலகமும் உணவுக்கூடமும் ஊழியரின்றிப் பயனிழக்கும் என்பது கணக்குத் தெரிந்தவர்க்குப் புரியும்.

2004 டிசம்பரில் நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் கண்ட இத்தீவுகளில், உறுதியான பள்ளிக் கட்டடம் உயிர்ப் பிரச்சினை. அதற்காகக் கோரிக்கை மனு எழுதும் தோழர்கள் அறைகளின் எண்ணிக்கையோடு நிறுத்திவிடலாகாது. நிரந்தர ஆசிரியர், சமையலர், நூலகர் பணியிடங்களையும் அதே மனுவில், அதே பக்கத்தில் எழுதவேண்டும். வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் முன் அங்கே பாடம் நடத்தப்போகிறவர்களிடம் அதைக் காட்டும்படியும் கேட்கவேண்டும்.