ஓ.ஆர்.எஸ்.னு கேட்டேன், ஜூஸ் குடுத்தாங்க

முத்தாபுதுப்பேட்டையில என் ரூம்ல, வழக்கம்போல சத்தம் வரக்கூடாதுன்னு ஃபேனை நிறுத்திட்டுப் பேசிட்டிருக்கேன். வேர்த்துக் கொட்டுது. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

இன்னைக்கும் சாப்பாடு பத்தின எபிசோடுதான். ஆனா டயட், புரோட்டீன் கதை எதுவும் இல்ல. ஒரு 200 மி.லி. டெட்ரா பேக் பத்தின கதை.

2025 மே மாசம். அக்கா லீவுக்கு வந்திருந்தா. அவ பையனுக்கு ரெண்டரை வயசு. மத்தியானம் வயித்தால போக ஆரம்பிச்சது, ராத்திரிக்குள்ள ஏழு தடவை ஆயிடுச்சு. அம்மா, "அரிசிக் கஞ்சியில உப்பு போட்டுத் தர்றேன்டா, குடிப்பான்"னு சொன்னாங்க. நான் கூகுள் பண்ணிட்டு, "சும்மா இரும்மா, ஓ.ஆர்.எஸ். குடுக்கணும்னு போட்டிருக்கு"ன்னு பைக்கை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன்.

மெடிக்கல்ல பாதி ஷட்டர் இறக்கியாச்சு. "அண்ணா, ஓ.ஆர்.எஸ். இருக்கா?"ன்னு கேட்டேன். யோசிக்காம ஸ்ட்ரா ஒட்டின டெட்ரா பேக்கை எடுத்துக் குடுத்தார். ஆப்பிள் ஃப்ளேவர். பேர்லயே அந்த மூணு எழுத்து பெருசா இருந்துச்சு. நாலு வாங்கினேன். பையன் ரெண்டை ஒரே மூச்சுல குடிச்சுட்டு, "மாமா, இன்னொரு ஜூஸ்"னு கேட்டான். ஏதோ பெரிய பிரச்சனையைத் தீர்த்துட்ட மாதிரி நானும் படுத்துட்டேன்.

விடியறதுக்குள்ள இன்னும் மோசமாயிடுச்சு. அழறான், கண்ணுல தண்ணி வரல. நாக்கு காஞ்சு போச்சு. ஆவடியில ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். டாக்டர், "என்ன குடுத்தீங்க?"ன்னு கேட்டார். "ஓ.ஆர்.எஸ். குடுத்தோம் டாக்டர்"னு சொன்னேன், கொஞ்சம் பெருமையாவே. அவர் கேட்டது ஒரே கேள்வி: "பவுடரா, ஜூஸா?"

டிரிப்ஸ் ஏத்தி, மறுநாள் சாயந்திரம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பையன் நல்லா இருக்கான். "அதனாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்ல முடியாது, ஆனா அது உதவியும் இருக்காது"ன்னார் டாக்டர். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து குப்பைத்தொட்டியில இருந்து அந்தப் பேக்கை எடுத்துப் பின்பக்கம் படிச்சேன். 200 மி.லி.யில 24 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் சொல்ற ஃபார்முலாவுல ஒரு லிட்டருக்கே 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அதாவது 200 மி.லி.க்கு 2.7 கிராம். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு வித்தியாசம். "இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஃபார்முலா அல்ல"ன்னு ஒரு வரியும் இருந்துச்சு, எறும்பு சைஸ்ல.

சர்க்கரை கொஞ்சம் கூட இருந்தா என்னன்னு தோணும். நம்ம குடல் சுவர்ல சோடியமும் குளுக்கோஸும் ஜோடியா உள்ள போற ஒரு வழி இருக்கு. அதுங்க போகும்போது தண்ணியும் பின்னாடியே போகும். காலராவுலகூட அந்த வழி அடைபடாது. அதனாலதான் 2002-ல வந்த இப்போதைய ஃபார்முலாவுல சோடியமும் குளுக்கோஸும் சம அளவு, லிட்டருக்கு 75 மில்லிமோல். சர்க்கரை அளவுக்கு மிஞ்சினா கதை தலைகீழ். உடம்புக்குள்ள போக வேண்டிய தண்ணியைக் குடலுக்கு இழுத்துடும். பேதி அதிகமாகும்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிய 1971-க்குப் போகணும். வங்கதேசப் போர் சமயம், மேற்கு வங்கத்துல பன்கான் அகதி முகாம்ல காலரா. ஏத்துறதுக்கு சலைன் பத்தல. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியை டிரம்ல வெச்சு, நோயாளிங்களோட சொந்தக்காரங்க கையாலயே குடுக்க வெச்சார். 30 சதவீதம் வரைக்கும் இருந்த சாவு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்குச்சு. 2022-ல அவர் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவிச்சாங்க. அந்த மூணு எழுத்துக்கு இருக்கிற மரியாதை அங்க சம்பாதிச்சது. அதைத்தான் ஆப்பிள் ஜூஸ் மேல ஒட்டி வித்தாங்க.

ஹைதராபாத் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து எட்டு வருஷமாப் போராடினார். 2022 ஏப்ரல்ல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தடை போட்டுச்சு. ஜூலைல, அந்த எறும்பு வரியைப் போட்டா விக்கலாம்னு தளர்த்திடுச்சு. 2025 அக்டோபர் 14-ம் தேதிதான் அந்தத் தளர்வை ரத்து பண்ணி, எந்த பானத்தோட பேர்லயும் ஓ.ஆர்.எஸ். வரவே கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. நியூஸ் பாத்தப்போ எனக்கு அந்த மே மாச ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு. மூணு வருஷமா அந்த ஒரு வரியை நம்பி விட்டிருக்காங்க. ராத்திரி பத்து மணிக்கு, கைக்குழந்தையை விட்டுட்டு ஓடி வர்றவன் அதைப் படிப்பானா?

பேர் மாறினாலும் அதே மாதிரி பானம் அதே ரேக்ல இருக்கலாம். அதனால சில விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

கடையில வெறும் ஓ.ஆர்.எஸ்.னு கேக்காதீங்க. "தண்ணியில கலக்குற பவுடர், டபிள்யூ.ஹெச்.ஓ. ஃபார்முலா"ன்னு கேளுங்க. பாக்கெட்ல 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பர் இருந்தா அது உணவுப் பொருள், மருந்து இல்ல. ஒரு லிட்டர் பாக்கெட்னா முழுசா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில கலக்கணும், பாதி பாதியா வேணாம். 24 மணி நேரத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாது. ரெண்டு வயசுக்குக் கீழேன்னா ஒவ்வொரு தடவை போனதும் 50-லிருந்து 100 மி.லி., அதுக்கு மேலன்னா 100-லிருந்து 200. மடக்குனு இல்ல, ஸ்பூன் ஸ்பூனா. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே தருவாங்க. ஜிங்க் மாத்திரையும் கேளுங்க.

பாக்கெட் கிடைக்கலையா? ஒரு லிட்டர் தண்ணியில தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இல்லன்னா அம்மா சொன்ன உப்புக் கஞ்சி. ஆனா, "வயித்துக்கு ரெஸ்ட் குடு, சோறு வேணாம்"னு அம்மா சொன்னாங்கல்ல, அது தப்பு. குழந்தைக்கு சாப்பாடும் தாய்ப்பாலும் நிறுத்தக் கூடாது. ரத்தம் போனாலோ, யூரின் போகலன்னாலோ, குழந்தை துவண்டு போனாலோ காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

எங்க வீட்ல இப்போ சீரக டப்பா பக்கத்துல ரெண்டு பாக்கெட் பவுடர் எப்பவும் இருக்கு. அம்மாதான் எக்ஸ்பயரி பாக்குறாங்க.

அந்த ராத்திரி அதை ஜூஸ்னு சரியாச் சொன்னது எங்க வீட்ல ஒருத்தன்தான். அவனுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

சின்னக் குழந்தை இருக்கிற யாருக்காவது இந்த எபிசோடை அனுப்பிடுங்க. நான் ஃபேனைப் போட்டுக்கறேன். அடுத்த வாரம் பாக்கலாம்.