கரையேறியோர் கடமை
(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, கறுப்பின மக்களின் அடிமைத்தளையை அறுக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அப்பாடுபட்டோர் நாடறிந்த தலைவர்கள் மட்டுமல்லர். சிற்றூர்களில் வாழ்ந்த எளியோரும் ஆவர். அத்தகைய ஓர் ஊரே ஒகையோ ஆற்றின் வடகரையிலுள்ள ரிப்ளி. அதன் வரலாற்றை நாம் அறிதல் நலம்.

ஆற்றின் தென்கரை கென்டக்கி மாநிலம். அங்கு அன்று மனிதனை மனிதன் விலைக்கு வாங்க முடிந்தது. வடகரை ஒகையோ மாநிலம். அங்கு அடிமை முறைக்கு இடமிருக்கவில்லை. எனினும் வடகரையிலும் சமத்துவம் நிலவவில்லை. 1804, 1807-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அங்குக் குடியேறிய கறுப்பரிடம் விடுதலைச் சான்று கேட்டன. வெள்ளையருக்கு எதிராக அவர்கள் சாட்சி சொல்வதையும் தடுத்தன. சட்டம் தரும் விடுதலை வேறு, சமுதாயம் தரும் மதிப்பு வேறு என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஜான் ராங்கின் என்னும் பாதிரியார் 1822-இல் ரிப்ளிக்கு வந்தார். தம் உடன்பிறந்தாரே அடிமைகளை வாங்கினார் என்றறிந்து, அதனைக் கண்டித்துக் கடிதங்கள் எழுதினார். அவை 1826-இல் நூலாயின. குன்றின்மேல் அவர் கட்டிய இல்லத்தின் விளக்கு, தப்பி வருவோர்க்கு வழிகாட்டியது. 1838-இல் ஒரு தாய் குழந்தையை ஏந்தி, உறைந்த ஆற்றைக் கடந்து அவ்வீட்டில் அடைக்கலம் புகுந்தாள். 1852-இல் வெளிவந்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்னும் புதினத்தில் அவளே எலைசா ஆனாள்.

ஆயினும் நம் நெஞ்சில் முதலிடம் பெறத்தக்கவர் ஜான் பார்க்கர். 1827-இல் அடிமையாகப் பிறந்து, எட்டாம் வயதில் தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்டவர். உடைமையாளரின் பிள்ளைகளிடம் எழுத்தறிவு பெற்றார். இரும்பு வார்க்கும் தொழிலையும் கற்றார். உழைத்துச் சேர்த்த பணத்தால், 1845-இல் 1,800 டாலர் செலுத்தித் தம்மையே மீட்டுக்கொண்டார். பின்னர் ரிப்ளியில் குடியேறி வார்ப்பாலை நிறுவினார். புகையிலை அழுத்தும் கருவிக்குக் காப்புரிமையும் பெற்றார்.

இவ்வளவு பெற்றவர் அமைதியாக வாழ்ந்திருக்கலாம். வாழ்ந்தாரா? இல்லை. பகலில் வார்ப்பாலை, இரவில் படகு. தாம் தப்பிய அதே அடிமை நாட்டிற்குத் திரும்பத் திரும்பச் சென்று மக்களை அழைத்து வந்தார். தப்பியோடுவோர்க்கு உதவுவதைக் கடுங்குற்றமாக்கிய 1850-ஆம் ஆண்டுச் சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. ஊரில் அனைவரும் அவர் பக்கமும் அல்லர். பிடித்துக் கொடுத்தால் பரிசு பெறலாம் என்று காத்திருந்தோரும் அங்கிருந்தனர். 1865-இல் நாடெங்கும் அடிமை முறை ஒழிந்தது. பார்க்கர் 1900-இல் மறைந்தார்.

இளைஞர்களே, கல்வியும் பதவியும் பெற்று நம்மில் சிலர் கரையேறியுள்ளோம். ஏறியபின் நகரில் வீடு கட்டி, சேரியின் பெயரையே சொல்லக் கூசுவோரும் நம்மிடையே உண்டு. பார்க்கரின் வாழ்வு அவர்களை நோக்கிக் கேட்கும் கேள்வி ஒன்றே: கரையேறியபின் படகை என்ன செய்தீர்கள்?

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஓட்டிவரும் படகு கல்வி. வேலையில் இருப்போர் ஒவ்வொருவரும் ஓராண்டில் ஒரு பிள்ளையின் படிப்பையேனும் ஏற்றுக்கொள்வோம். மாலை நேரத்தில் ஒரு மணியேனும் நம் தெருப் பிள்ளைகளுடன் அமர்வோம். அக்கரையில் இன்னும் நம்மவர் நிற்கின்றனர் என்பதை மறவாதிருப்போம்.