ஆகாரமும் பெண்களும்

(ஒரு திருமணக் கூட்டத்தில் பேசியது)



வாழ்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் சோற்றைப் பற்றிப் பேசுகிறோமே என்று நீங்கள் நினைக்கக்கூடும. சற்று முன் வாசித்த ஒப்பந்தத்தில் "சம உரிமை" என்கின்ற வார்த்தை இருந்தது. அந்த வார்த்தை நாளைக் காலையில் முதல் முதலாகப் பரீட்சிக்கப்படப் போகிற இடம் அடுப்பங்கரைதான். ஆனதினால் அதைப் பற்றியே பேசுகிறோம்.

நம் வீடுகளில் சோறு எப்படிப் பங்கிடப்படுகிறது? முதலில் வீட்டுக்காரர், பிறகு பையன்கள், பிறகு மாமியார். மீன் துண்டும், முட்டையும், கெட்டித் தயிரும் இந்த வரிசையிலேயே தீர்ந்துபோகும். கடைசியில் உட்காருகிற மருமகளுக்கு அடிச்சோறும் ரசமும் ஊறுகாயும். இது பதவியைப் பார்த்துப் போடுகிற சோறா, உடம்பைப் பார்த்துப் போடுகிற சோறா என்று கேட்கிறோம்.

உடம்பின் கணக்கு வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2020-ல் வகுத்தபடி, வயது வந்த ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும். மாதந்தோறும் இரத்தம் இழக்கிற பெண்ணுக்கு 29 வேண்டும். அதிகம் வேண்டியவளுக்குக் குறைவாகவும், குறைவு போதுமானவனுக்கு அதிகமாகவும் போட்டு வந்ததின் பலன் என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்கு. இதற்கும் தலைவிதி என்றுதான் பெயரா?

கர்ப்பிணி நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகுமாம். பெற்ற பிறகோ பத்தியம். கீரை ஆகாது, பழம் ஆகாது, தண்ணீருக்குக்கூட அளவு. ஆனால் பால் மட்டும் குறையாமல் சுரக்க வேண்டுமாம்! மாடு கன்று போட்டால் பருத்திக்கொட்டையும் தவிடும் கூட்டி வைக்கிற நம் குடியானவர், மருமகள் பிள்ளை பெற்றால் மாத்திரம் குறைத்து வைக்கிறார். மாட்டு விஷயத்தில் அவருக்குச் சாஸ்திரம் இல்லை. அதனால் புத்தி வேலை செய்கிறது. விரதமோ கேட்கவே வேண்டாம். புருஷன் ஆயுசுக்காகப் பெண்சாதி பட்டினி கிடக்கிறாள். பெண்சாதி ஆயுசுக்காக எந்தப் புருஷனாவது ஒரு வேளைக் காப்பியையாவது விட்டதுண்டா? (சிரிப்பு)

இதில் ஆண்களுக்கும் லாபமில்லை. நாளெல்லாம் கல்லாப்பெட்டி முன் உட்கார்ந்திருப்பவர், மண்வெட்டி பிடிக்கிறவர் அளவுக்கு வெள்ளைச் சோற்றைக் குவித்துக்கொண்டால் அது தொந்தியாகவும் நீரிழிவாகவும்தான் முடியும். அவர் இலையில் சோறு குறைந்து காயும் பயறும் கூடட்டும்.

இதெல்லாம் பணக்காரர் சமாச்சாரம் என்று சொல்லாதீர்கள். கேழ்வரகில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் முப்பதில் ஒரு பங்குகூடத் தீட்டிய அரிசியில் தேறாது. முருங்கைக்கீரை கொல்லையிலேயே நிற்கிறது. சோற்றோடு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாய்ச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைப்படும். கர்ப்பிணிகளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இரும்பு மாத்திரை இலவசமாய்க் கொடுக்கிறார்கள். வாங்கி அலமாரியில் வைக்காமல் விழுங்க வேண்டும்.

பந்திக்கு அழைக்கிறார்கள். முதல் பந்தியில் மணமகளும், காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிற தாய்மார்களும் உட்காரட்டும். நாமும் மாப்பிள்ளையும் பரிமாறுகிறோம்.