மணலில் பன்றித் தடம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா நகருக்குத் தெற்கே ஒசபா என்றொரு தீவு. படகில்தான் போக முடியும். 1978-ல் மாநில அரசின் கைக்கு வந்த பொதுநிலம் அது. ஸ்பானியர்கள் கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்ததாகச் சொல்லப்படும் காட்டுப்பன்றிகள் அங்கே ஏராளம். கடலாமை முட்டைகளுக்கு அவைதான் எமன். ஆகவே, அரசே குலுக்கல் போட்டு வேட்டைக்கு ஆள் எடுக்கிறது.

அங்கே ஆமைக்கூடு காக்கும் வேலையில் நானும் இருந்தேன். வேட்டை என்றதும் உங்களுக்குத் துப்பாக்கி நினைவு வரும், எனக்கு மணல்தான். வெயில் சாய்வாக விழும் விடியற்காலையில் மணல்மேட்டின் அடியோடு நடக்க வேண்டும். மான் குளம்பு கூராகப் பதியும். பன்றியுடையது நுனி மழுங்கி, பின்னால் இரண்டு சிறு குளம்புகள் அகன்று விழுந்திருக்கும். தடத்தின் விளிம்பு உதிராமல் இருந்தால் புதுசு. அதன்மேல் நண்டு ஊர்ந்த தையல்கோடு ஓடினால், பன்றி இரவிலேயே போய்விட்டது. கேட்கிறீர்களா, பனியில் இறுகிய மேல்மணல் உடைந்திருந்தால் அது இப்போதுதான் போயிருக்கிறது!

ஒருநாள் அரசு சம்பளத்தில் இருக்கும் வேட்டைக்காரர் ஒருவரோடு அப்படியொரு தடத்தைப் பிடித்துப் போனேன். நேராக வந்த தடம், பெருந்தலை ஆமை ஏறிவந்த சுவட்டைக் கண்டதும் சட்டென்று மேட்டுப்பக்கம் திரும்பியிருந்தது. அங்கே குழி. சுருண்ட முட்டைத்தோல்கள், மஞ்சள்கரு ஊறிய மணல். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், ஒன்றுகூட மிஞ்சவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அவர் பேசாமல் ஒரு பிடி உலர்மணலை அள்ளி உதிர்த்தார். காற்று கடலிலிருந்து கரைக்கு. பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு அபாரம். இப்படியே போனால் மோப்பம் பிடித்துவிடும். தீவின் உள்பக்கமாகச் சுற்றிவந்து, குட்டைப்பனைப் புதருக்கு எதிரே உட்கார்ந்தோம். பன்றி வெளியே வந்த பிறகும் அவர் சுடவில்லை. அதன் பின்னால் மணல்மேடு வரும்வரை பொறுத்தார். குறி தப்பினாலும் குண்டு மணலுக்குள் புதைய வேண்டுமே! பொதுநிலத்தில் அந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கூட்டை வலையால் மூடினால் போதாதா என்று கேட்பீர்கள். கம்பிவலை ரக்கூன் என்ற சிறு விலங்கைத் தடுக்கும். பன்றி மூக்காலேயே நெம்பித் தள்ளிவிடும். குலுக்கல் வேட்டை மட்டும் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். அது பெரும்பாலும் குளிர்காலத்தில் நடக்கிறது. ஆமை முட்டையிடுவதோ கோடையில். கொசுவும் புழுக்கமும் வாட்டும் அந்த மாதங்களில் சம்பளத்துக்கு வேலை செய்யும் வேட்டைக்காரர் தீவிலேயே இருந்தாக வேண்டும்.

இந்தப் பாடுகள் வீண்போகவில்லை. 2004-ல் ஜார்ஜியாக் கரை முழுவதும் இந்தப் பெருந்தலை ஆமைகளின் கூடுகள் நானூறுகூட இல்லை. 2022-ல் நாலாயிரத்தைத் தாண்டின. இறால் வலைகளில் ஆமை தப்பிக்க வழி வைத்ததும் அதற்கொரு காரணம். வரும் கோடையிலும் ஒசபாவின் குஞ்சுகள் கடல் சேரட்டும்.