ஜே.சி.பி.யா, ஹிட்டாச்சியா? பண்ணைக் குட்டை வெட்ட எது தோது?



பண்ணைக் குட்டை வெட்டலாம் என்று முடிவு செய்தவுடன் நாம் முதலில் கேட்பது, “வண்டிக்கு மணி வாடகை எவ்வளவு?” என்பதுதான். அதோடு நிறுத்திக்கொள்ளாமல், “ஒரு யூனிட் மண் எடுக்க என்ன ஆகும்?” என்றும் கணக்குப் பாருங்கள். 100 கன அடி ஒரு யூனிட் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

டயர் வண்டியை ஊரில் ஜே.சி.பி. என்கிறோம். செயின் வண்டியை ஹிட்டாச்சி என்கிறோம். ரெண்டுமே கம்பெனிப் பெயர்கள். யார் செய்த வண்டியானாலும் நம் வாயில் அதே பெயர்தான்.

டயர் வண்டி சுமார் 8 டன் எடை. ரோட்டில் தானாகவே ஓடி வரும். முன் பக்கெட்டால் மண்ணை அள்ளும், நிரவும். பின்கை சுமார் 15 அடி ஆழம் வரை தோண்டும். ஆனால் அந்தக் கை அரைவட்டம்தான் திரும்பும். ஈர மண்ணில் டயர் புதையும்.

செயின் வண்டியில் பெரியது 20 டன் இருக்கும். முழு வட்டமும் சுழலும். நின்ற இடத்திலிருந்தே முன்னால் வெட்டிப் பின்னால் கொட்டும். பக்கெட்டில் சுமார் 35 கன அடி மண் பிடிக்கும். டயர் வண்டியின் பின்கைப் பக்கெட் இதில் ஏறக்குறைய கால் பங்குதான். செயின் அகலமாக இருப்பதால் சேற்றிலும் ஓரளவு தாங்கும். ஆனால் ரோட்டில் ஓட்டி வர முடியாது. டிரெய்லரில் ஏற்றி வர வேண்டும். போக வர அந்தக் கூலி உங்கள் தலையில்தான் விழும். வழியில் உள்ள சின்னப் பாலம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். மேலே 100 அடிக்கு 100 அடி, ஆழம் 10 அடி, ஒன்றுக்கு ஒன்றரை சரிவு. அடியில் 70 அடிக்கு 70 அடி வரும். மொத்தம் 730 யூனிட் மண். நிறைந்தால் சுமார் 20 லட்சம் லிட்டர் தண்ணீர்.

டயர் வண்டி மணிக்கு 12 யூனிட், செயின் வண்டி 30 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னதற்கு 61 மணி, பின்னதற்கு 24 மணிக்குச் சற்று மேல். செயின் வண்டிக்கு மணி வாடகை ரெண்டு மடங்கு என்றாலும், டயர் வண்டியின் 49 மணி வாடகைக்குத்தான் சமம். 12 மணி வாடகை மிச்சம். டிரெய்லர் கூலி அதற்குள் அடங்கினால் செயின் வண்டியே லாபம்.

அதே கணக்கில் 100 யூனிட் வேலை என்றால், மிச்சம் ரெண்டு மணி வாடகைகூட இல்லை. டிரெய்லர் கூலியே அதை விழுங்கிவிடும். ஆகவே சின்னக் குழி, வாய்க்கால், வரப்பு வேலைக்கு டயர் வண்டி போதும். பெரிய குட்டைக்குச் செயின் வண்டி.

மண்ணுக்கு மண், டிரைவருக்கு டிரைவர் வேகம் மாறும். எனவே முதல் ஒரு மணி நேரம் ஓடியதும் குழியை டேப் வைத்து அளந்து பாருங்கள். நீளம், அகலம், ஆழம் பெருக்கி 100-ஆல் வகுத்தால் யூனிட் தெரிந்துவிடும். ஆரம்பிக்கும்போதும் நிறுத்தும்போதும் வண்டி மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் வாடகை வண்டி உண்டா என்று விசாரியுங்கள்.

எந்த வண்டி வந்தாலும் சிலவற்றை மறக்காதீர்கள். மேல் மண் ஓர் அடியைத் தனியே ஒதுக்கி வையுங்கள்; வயலுக்கு அதுதான் உயிர். கரையைச் செங்குத்தாக வெட்டவிடாதீர்கள், மழையில் சரியும். மணற்பாங்கான நிலத்தில் சரிவை இன்னும் கூட்டுங்கள். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காமல் தள்ளிப் போடச் சொல்லுங்கள். மேலே மின்கம்பி போனால், மின்வாரியத்துக்குச் சொல்லி ஏற்பாடு செய்த பிறகே வேலை தொடங்குங்கள். வண்டி சுழலும் இடத்தில் ஆளோ, ஆடுமாடோ, வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளோ நிற்கவே கூடாது.

பணம் இன்னொரு நாள் சம்பாதிக்கலாம். போன உயிர் வராது.