வரப்பில் நடப்பது என்ன?



விண்மீன்களுக்கு இடையே ஓடும் வாயுக்களைக் கணிப்பொறியில் ஓடவிட்டுப் பார்க்கும் கலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தொண்டாமுத்தூரில் இதைப் பேசுவது எளிது. தோப்புக்குத் தண்ணி கட்டத் தெரிந்தவருக்குப் பாதி விளங்கிவிட்டது.

இந்தப் பாத்தியை விட்டுப் போன தண்ணீர் அடுத்த பாத்தியில் சேர்ந்திருக்க வேண்டும், மடையில் மாயமாகிவிடாது. கணிப்பொறியும் வானவெளியைக் கோடிக்கணக்கான பாத்திகளாகப் பிரித்து, நிறை, உந்தம், ஆற்றல் மூன்றுக்கும் வரவு செலவு எழுதுகிறது. ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே எந்த அலையும் ஒரு பாத்தியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விடை தாறுமாறாகிவிடும். கூரான்ட், ஃபிரெட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928இல், மின்னணுக் கணிப்பொறி பிறக்கும் முன்பே, கண்ட விதி இது.

1977இல் இன்னொரு முறை வந்தது. லூசி ஒருபுறமும், கிங்கோல்டும் மோனகனும் மறுபுறமும் தனித்தனியே உருவாக்கியது. அதில் பாத்தியே கிடையாது. வாயுவைத் துகள்களாக எண்ணி அவற்றின் கூடவே போகிறார்கள். வாய்க்காலில் மிதக்கும் பாக்கு மட்டையோடு கரையில் நடப்பது போல.

2007இல் ஆஸ்கர் ஆகெர்ட்ஸும் பலரும் சேர்ந்து இரு முறைகளுக்கும் ஒரே தேர்வு வைத்தார்கள். சூடான காற்று, ஒலியைப் போல 2.7 மடங்கு வேகத்தில் வீசுகிறது; எதிரே 10 மடங்கு அடர்ந்த குளிர்மேகம். பாத்தி முறையில் மேகத்தின் விளிம்பு சுருண்டு, கிழிந்து, காற்றோடு கலந்துபோனது. துகள் முறையில் மேகம் பெரும்பாலும் கட்டியாகவே நின்றது. சமன்பாடு ஒன்று, விடை இரண்டு!

எது சரி? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1961இல் எழுதிய பாய்ம நிலைப்பு நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. உரசி ஓடும் இரு பாய்மங்களின் எல்லையில் சிற்றலை எப்போது, எவ்வளவு விரைவில் வளரும் என்ற கணக்கு. ஹெல்ம்ஹோல்ட்ஸும் கெல்வினும் தொடங்கி வைத்தது. அதன்படி மேகம் கிழிந்தாக வேண்டும். துகள் முறை, அக்கம்பக்கத்துத் துகள்களைச் சராசரி பார்ப்பதால், அடர்த்தி சட்டென்று மாறும் எல்லையில் இல்லாத ஓர் அழுத்தத்தை உண்டாக்கி, அலையை அமுக்கியிருந்தது. பிறகு திருத்தினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, நிறையும் ஆற்றலும் அங்கே குறையவில்லை என்பதே. வரவு செலவு நேராக இருந்தது. பிழை வரப்பில், அதாவது மேகமும் காற்றும் உரசும் எல்லையில், இருந்தது. பாத்தி முறையும் குற்றமற்றதல்ல. பாத்தி பெரிதானால், கலக்காததையும் கலந்ததாகக் காட்டும்.

பெரியாறும் சின்னாறும் சேர்ந்து நொய்யலாகும் கூடுதுறை பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த மழைக்கு, பிள்ளைகளே, கரையில் நின்று பாருங்கள். ஒரு நீர் கலங்கியும் மற்றது தெளிந்தும் வந்தால், அவை எங்கே சுழித்துக் கலக்கின்றன என்று குறித்து வாருங்கள். கணிப்பொறியைப் பிறகு திறக்கலாம்.