விளங்கிக்கொண்டு கையெழுத்து வையுங்கள்

(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை, ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொன்னால் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நீட்டின தாளில் கையெழுத்தை வைத்துவிட்டு வெளியே வந்து அழுவோம். அந்தத் தாளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன்னே யாழ்ப்பாணத்து விடயம் ஒன்று.

சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்த்தார். தமிழைப் படித்து, தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். 30 க்கு மேற்பட்டவர்கள் அப்படித் தமிழில் படித்து வைத்தியர் ஆனார்கள். சத்திரசிகிச்சை பற்றிய 'இரணவைத்தியம்' என்ற அவருடைய தமிழ்ப் புத்தகம் 1867 இல் வந்தது. 150 வருசத்துக்கு முன்னமே சத்திரசிகிச்சையைத் தமிழில் சொல்ல முடிந்ததென்றால், இன்றைக்கு உங்கள் பிள்ளையின் ஒப்பரேசனை உங்களுக்குத் தமிழில் சொல்ல முடியாதா? 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தினால் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆகவே தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுத் தரும்படி கேளுங்கள். வெட்கம் வேண்டாம்.

தாயும் தகப்பனும் சேர்ந்தே போங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவில் வைப்பார். என்ன செய்யப் போகிறார்கள்? தள்ளிப் போட்டால் என்ன ஆகும்? என்ன ஆபத்து? எத்தனை நாள் வாட்டில் இருக்க வேண்டும்? எல்லாம் கேட்டபிறகு, "எனக்கு விளங்கினது இதுதான், சரிங்களா ஐயா?" என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். பிறகு கையெழுத்து வையுங்கள்.

நீங்களும் எதையும் ஒளிக்கக் கூடாது. காய்ச்சல், சளி, சொத்தைப் பல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்ற நேரத்தில், பாவம் என்று ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள். மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளையையும் ஏமாற்றாதீர்கள். கடைக்குப் போறோம் என்று கூட்டிப்போனால் பிறகு உங்களை எப்படி நம்பும்? "தூங்க வைக்கிற மருந்து குடுப்பாங்க, ஒப்பரேசன் ஒனக்குத் தெரியாது. முழிச்சதும் வலிக்கும், அதுக்கும் மருந்து இருக்கு" என்று உண்மையைச் சொல்லுங்கள். முழிக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று சொல்வதற்கு முன், விடுவார்களா என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள்.

நெஞ்செலும்பை வெட்டிச் செய்த ஒப்பரேசன் என்றால், அது பொருந்த 6 கிழமையாவது எடுக்கும். அதுவரை கையைப் பிடித்தோ கக்கத்தில் கைகொடுத்தோ தூக்கக் கூடாது. கழுத்தடியில் ஒரு கை, பின்பக்கம் ஒரு கை வைத்து ஏந்தித் தூக்குங்கள். காய்ச்சல், மூச்சுத் திணறல், புண்ணில் சீழ் கண்டால் சம்பள நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள். ஒரு நாள் பேர் போனாலும் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.

கடைசியாக வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரகணத்தில் வெளியே போனாள், அதனால்தான் என்று தாயைக் குறை சொல்லாதீர்கள். இருதயம் உருவாவது கருவின் முதல் 2 மாதத்தில். பெரும்பாலும் இதுதான் காரணம் என்று டொக்டர்மாராலேயே காட்ட முடியாது. அந்தத் தாய்க்கு இப்போது தேவை ஒரு கோப்பை தேத்தண்ணீரும், மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும்தான்.